தேதியோடு எண்ணும் இருப்பு: உணவுத் தொழிற்சாலையில் விநியோகத் திட்டமிடல் மென்பொருளை நிறுவ முழுமையான வழிகாட்டி

கடலூர் மாவட்டத்தில் நான் பணிபுரிந்த ஒரு நொறுக்குத்தீனித் தொழிற்சாலையில், புதுச்சேரிக் கிடங்கில் 1,400 பெட்டி மிக்சர் இருப்பதாகக் கணினி காட்டியதை நம்பி, சென்னையிலுள்ள ஒரு பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் ஆர்டரை ஏற்று இரவோடு இரவாக லாரியை அனுப்பினோம். மறுநாள் மாலை அந்த லாரி பாதிச் சரக்கோடு திரும்பி வந்தது. பெட்டிகளின் எண்ணிக்கையில் தவறில்லை, சரக்கிலும் பழுதில்லை. திரும்பிய பெட்டிகளில் காலாவதிக்கு மீதமிருந்த நாட்கள் அந்த நிறுவனம் கேட்ட அளவுக்குக் குறைவாக இருந்தன. எங்கள் கணினிக்குப் பெட்டி தெரிந்திருந்தது, தேதி தெரிந்திருக்கவில்லை. உணவுத் தொழிலில் இருப்பு என்பது வெறும் எண் அன்று, தேதியோடு சேர்ந்த எண் என்பதை அந்த லாரிதான் எனக்குக் கற்பித்தது. எதை எவ்வளவு செய்வது, எப்போது வாங்குவது, எங்கே அனுப்புவது என்று கணக்கிட்டுச் சொல்லும் விநியோகத் திட்டமிடல் மென்பொருளை நிறுவுவதற்காகக் கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தப் பாடத்திலிருந்தே எழுகிறது.

பண்ருட்டி முந்திரி ஆலைகள், கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள தொழிற்கூடங்கள், புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைகள் ஆகியவற்றில் இயங்கும் நடுத்தர உணவு நிறுவனங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கணக்கு டேலியிலும் திட்டம் எக்செல்லிலும் அனுபவம் உற்பத்தி மேலாளரின் நினைவிலும் இருக்கும் நிறுவனம் உங்களுடையது என்றால், இது உங்களுக்கானது.

முதற்படி: எந்த முடிவு மாற வேண்டும் என்று எழுதுங்கள்

மென்பொருள் விற்பவரை அழைப்பதற்கு முன், இந்த வாரம் எதை எவ்வளவு செய்வது, எந்த மூலப்பொருளை எப்போது வாங்குவது, ஆயத்தச் சரக்கை எந்தக் கிடங்குக்கு அனுப்புவது என்ற மூன்று முடிவுகளை இன்று யார், எந்த நாளில், எதைப் பார்த்து எடுக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பல இடங்களில் மூன்றுக்கும் பதில் ஒரே மனிதராக இருப்பார். அவர் விடுப்பில் போகும் வாரத்தில் என்ன நடக்கிறது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

அடுத்து, கடந்த 13 வாரங்களுக்கு நான்கு அளவுகளைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட பெட்டிகளில் கேட்ட நாளில் கொடுத்தவை எத்தனை விழுக்காடு, திட்டமிட்டதற்கும் விற்றதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு, காலாவதியாகியும் காலாவதியை நெருங்கியும் திரும்பி வந்த சரக்கின் மதிப்பு என்ன, கையிருப்பு எத்தனை நாள் விற்பனைக்குச் சமம் ஆகியவையே அந்த நான்கு. பின்னாளில் மென்பொருளால் பயன் உண்டா என்ற கேள்வி எழும்போது, இந்தத் தாள் ஒன்றே நேர்மையான பதிலைத் தரும். நிறுவிய பிறகு பழைய அளவைத் தேடினால், அவரவர் நினைவில் உள்ளதே அளவாகிவிடும்.

இரண்டாம் படி: பொருட்பட்டியலையும் அலகுகளையும் சீர்செய்யுங்கள்

இந்தப் படியே அதிக நாள் எடுக்கும். அதற்கு அவசரம் காட்டாதீர்கள். முந்திரியையே எடுத்துக்கொள்வோம். கொட்டை 80 கிலோ மூட்டையில் வருகிறது. ஏற்றுமதிக்குப் போகும் பருப்பு 25 பவுண்டு, அதாவது 11.34 கிலோ டின்னில் அடைக்கப்படுகிறது. உள்ளூருக்கு 10 கிலோ டின்னும் உண்டு, கடைக்கு 100 கிராம் பொட்டலமும் உண்டு. ஒரே பருப்புக்கு ஸ்டோர் கீப்பர் டின் கணக்கிலும், உற்பத்திப் பிரிவு கிலோ கணக்கிலும், விற்பனைப் பிரிவு பெட்டிக் கணக்கிலும் பேசும்போது, டின் என்றால் எந்த டின் என்று மென்பொருள் ஊகிக்காது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடிப்படை அலகு, மற்ற அலகுகளுக்கான மாற்று விகிதம், ஒரே குறியீடு என்று முடிவு செய்து, இரட்டிப்பாக உள்ள குறியீடுகளை நீக்குங்கள்.

பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று தேதி விவரங்களைச் சேருங்கள். மொத்த ஆயுள் எத்தனை நாள், தரப் பரிசோதனைக்காகச் சரக்கை நிறுத்தி வைப்பது எத்தனை நாள், வாங்குபவர் எதிர்பார்க்கும் மீதி ஆயுள் எவ்வளவு ஆகியவையே அவை. மூன்றாவது விவரம் பொருளைப் பொறுத்தது மட்டுமன்று, வாடிக்கையாளரையும் பொறுத்தது. பெரிய அங்காடித் தொடர்கள் பலவும் ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கு மீதமிருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். இணைய வணிக நிறுவனங்கள் நுகர்வோர் கையில் பொருளைச் சேர்க்கும்போது 30 விழுக்காடு ஆயுளோ 45 நாளோ மீதமிருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2024 நவம்பரில் அறிவுறுத்தியது. ஆகவே வாடிக்கையாளர் வாரியாக இந்த நாட்களைப் பதிவுசெய்ய இடமில்லாத மென்பொருளை, அதன் திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக, கிடங்கில் உள்ளதை பேட்ச் (ஒரே தடவையில் செய்த தொகுதி) எண்ணோடும் தேதியோடும் நேரில் எண்ணுங்கள். ஆண்டுக்கொரு முறை தணிக்கைக்காக எண்ணுவது போதாது. அதிகம் விற்கும் பொருட்களை வாரந்தோறும், மற்றவற்றை மாதந்தோறும் சுழற்சியில் எண்ணி, ஏட்டுக்கும் அடுக்குக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு இரண்டுக்குள் அடங்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள் என்பது என் பரிந்துரை. டேலியிலேயே பேட்ச், காலாவதித் தேதி ஆகியவற்றைப் பதியும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாத நிறுவனம் இன்றே அதைத் தொடங்கலாம். புதிய மென்பொருளுக்கான பாதி வேலை அதில் முடிந்துவிடும்.

மூன்றாம் படி: ஒன்று பலவாகப் பிரியும் பொருட்களுக்குத் தனிக் கவனம்

பெரும்பாலான திட்டமிடல் மென்பொருட்கள் பல பொருட்கள் சேர்ந்து ஒன்றாகும் தொழிலை எண்ணி உருவானவை. மாவு, எண்ணெய், மசாலா, உறை சேர்ந்து முறுக்குப் பொட்டலமாகும் தொழிலுக்கு அது பொருந்தும். பண்ருட்டித் தொழில் அதற்கு நேர்மாறானது. ஒரு மூட்டைக் கொட்டையை உடைத்தால் டபிள்யூ 240, டபிள்யூ 320 என்னும் முழுப்பருப்புத் தரங்களும், பாதிப் பருப்பும், துண்டும், குருணையும் ஒருசேர வருகின்றன. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு வரை நிற்கும் அளவு. அது மட்டும் வேண்டும் என்று கொட்டையிடம் கேட்க முடியாது.

இதை அறியாத மென்பொருள் என்ன செய்யும் என்று பாருங்கள். டபிள்யூ 240 தரத்துக்கு ஓர் ஆர்டர் வந்தால் அதற்கான கொட்டையைக் கணக்கிடும், பாதிப் பருப்புக்கு ஆர்டர் வந்தால் அதற்கும் தனியாகக் கொட்டை வாங்கச் சொல்லும். முதல் ஆர்டருக்கு உடைக்கும்போதே இரண்டாவதற்கான பருப்பும் விழுகிறது என்பது அதற்குத் தெரியாது. கொள்முதல் காலத்தில் இப்படி மிகையாக வாங்கிய கொட்டை, பணத்தையும் களத்தையும் அடைத்துக்கொண்டு கிடக்கும். எனவே இப்படி ஒரே மூலப்பொருளிலிருந்து ஒருசேர வரும் இணைவிளைபொருட்களைக் கையாளும் வசதி உண்டா என்று விற்பவரிடம் நேரடியாகக் கேட்டு, உங்கள் உடைப்புக் கணக்கைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

விளைச்சலும் மாறாத எண் அன்று. 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்பதையே கொள்முதல் செய்வோர் அவுட்டர்ன் என்கிறார்கள். 48 பவுண்டு அவுட்டர்ன் என்றால் மூட்டைக்குச் சுமார் 21.8 கிலோ, 45 என்றால் 20.4 கிலோ. ஆயிரம் மூட்டையில் இந்த மூன்று பவுண்டு வேறுபாடு 1,360 கிலோ பருப்பாகிவிடும். ஆகவே மென்பொருளில் ஒரே விளைச்சல் விகிதத்தை நிலையாக எழுதிவைக்காமல், உள்ளூர்க் கொட்டைக்கு ஒன்று, ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் கொட்டைக்கு நாடுவாரியாக ஒன்று என்று வைத்து, ஒன்றாக வந்து சேரும் ஒவ்வொரு லாட்டையும் வெட்டிப் பார்த்த முடிவைக் கொண்டு திருத்துங்கள். கொள்முதல் செய்பவரின் கத்தியும் தராசும் தரும் அந்த எண், திட்டமிடுபவரின் மேசைக்கு அன்றே வந்து சேர வேண்டும்.

நான்காம் படி: விற்றதையும் கேட்டதையும் பிரித்தறியுங்கள்

முன்கணிப்புக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, இயன்றால் மூன்று ஆண்டு வார விற்பனை வேண்டும். ஆனால் அந்த எண்களை அப்படியே ஊட்டக் கூடாது. சரக்கு இல்லாததால் விற்காத வாரம் பூஜ்யம் என்று பதிவாகியிருக்கும், கேட்பு பூஜ்யமாக இருந்திருக்காது. மாதக் கடைசியில் இலக்கை எட்டுவதற்காக விநியோகஸ்தரிடம் தள்ளிய சரக்கு, அந்த வாரத்தில் மலையாகவும் அடுத்த வாரத்தில் பள்ளமாகவும் தெரியும். நாம் விநியோகஸ்தருக்கு விற்றதைக் காட்டிலும், அவர் கடைகளுக்கு விற்றதே மெய்யான கேட்புக்கு அருகில் நிற்கிறது. பெரிய பத்து விநியோகஸ்தர்களிடமிருந்தாவது அந்த விவரத்தை வாரந்தோறும் பெறுங்கள்.

நாட்காட்டியில் எச்சரிக்கை தேவை. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. சென்ற ஆண்டு இதே வாரம் என்று ஒப்பிடும் மென்பொருள், இனிப்பும் காரமும் குவிந்து விற்கும் வாரத்தைத் தவறாகவே சொல்லும். அதனால் பண்டிகைக்கு இத்தனை நாள் முன் என்ற கணக்கில் பழைய விற்பனையை அடுக்கும் வசதி வேண்டும். பொங்கல் ஜனவரி நடுவிலேயே நிற்பதால் அதில் இடரில்லை. ரம்ஜான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது.

மறுபடி நிகழாத நிகழ்வுகளையும் குறித்துவையுங்கள். 2025 செப்டம்பர் 3 அன்று அறிவிக்கப்பட்டு 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி குறைப்பில், பொதியிட்ட மிக்சர் வகைகளின் வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆயிற்று. விலை குறையப்போகிறது என்று தெரிந்த பிறகு வாங்குவதைத் தள்ளிப்போடுவது எந்த வணிகருக்கும் இயல்பு. அந்த இடைப்பட்ட வாரங்களின் எண்ணைத் திருத்தாமல் விட்டால், ஒவ்வொரு செப்டம்பரிலும் விற்பனை சரியும் என்று மென்பொருள் கற்றுக்கொள்ளும்.

ஐந்தாம் படி: பாதுகாப்பு இருப்பை ஆயுளுக்குள் அடக்குங்கள்

என் கருத்தில் இந்த வழிகாட்டியின் மையம் இந்தப் படிதான். விளக்கத்துக்காக, 90 நாள் ஆயுளுள்ள ஒரு மிக்சரை எண்ணிக்கொள்வோம். வாங்கும் அங்காடி 60 நாள் மீதம் கேட்கிறது. பயணமும் அங்கே இறக்கும்வரை காத்திருப்பதும் 4 நாள். பரிசோதனைக்காக நிறுத்துவது 2 நாள். எஞ்சுவது 24 நாள். பெட்டியில் 90 என்று அச்சிட்டிருந்தாலும், அந்த வாடிக்கையாளருக்காக நம் கிடங்கில் அந்தச் சரக்கு இருக்கக்கூடிய காலம் 24 நாள்தான்.

இப்போது பாதுகாப்பு இருப்பு, அதாவது விற்பனை எதிர்பார்த்ததைவிடக் கூடினாலும் தட்டுப்பாடு வராமலிருக்க வைக்கும் கூடுதல் சரக்கு. பொதுவான சூத்திரத்தில் மூன்று எண்கள் பெருக்கப்படுகின்றன. சுமார் 95 விழுக்காடு உறுதிக்கான 1.65, நாள் விற்பனை சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகிறது என்பதைக் காட்டும் திட்ட விலக்கம், உற்பத்தி இடைவெளியையும் சரக்கு ஆயத்தமாகும்வரை காத்திருக்கும் நாட்களையும் கூட்டிய காலத்தின் வர்க்கமூலம் ஆகியவையே அவை. இந்த மிக்சர் நாளொன்றுக்கு 120 பெட்டி விற்கிறது, திட்ட விலக்கம் 40, 14 நாளுக்கு ஒருமுறை செய்கிறோம், பரிசோதனைக் காத்திருப்பு 2 நாள் என்றால், 16இன் வர்க்கமூலம் 4, எனவே 1.65 × 40 × 4 = 264 பெட்டி. கிடைக்கும் 24 நாளில் சுழற்சிக்கு 14 போக 10 நாள் மிச்சம், அதாவது 1,200 பெட்டிக்கு இடமுண்டு. 264 தாராளமாக அடங்குகிறது.

அதே ஆயுளோடு அதே அங்காடிக்குப் போகும், நாளொன்றுக்கு 30 பெட்டியே விற்கும் இன்னொரு பொருளைப் பாருங்கள். திட்ட விலக்கம் 15, உற்பத்தி 21 நாளுக்கு ஒருமுறை, அதற்கான தனி மசாலா வந்து சரக்கு ஆயத்தமாக 4 நாள். 25இன் வர்க்கமூலம் 5, ஆகவே சுமார் 124 பெட்டி வேண்டும். ஆனால் 24இல் 21 போக மிச்சம் 3 நாள், 90 பெட்டிக்கே இடம். சூத்திரம் கேட்பதை ஆயுள் மறுக்கிறது. சூத்திரத்தை மட்டும் அறிந்த மென்பொருள் 124ஐயே பரிந்துரைத்துக்கொண்டிருக்கும், மிகையான பெட்டிகள் ஒவ்வொரு சுழற்சியிலும் தள்ளுபடிக்குப் போகும். இத்தகைய பொருளைச் சிறிய அளவில் அடிக்கடி செய்ய வேண்டும், அல்லது அந்த அங்காடிக்கு விற்பதைக் கைவிட வேண்டும். எதுவென்று முடிவெடுப்பது உரிமையாளரின் வேலை, அந்தப் பட்டியலை அவர் முன் வைப்பது மென்பொருளின் வேலை.

கிடங்கிலிருந்து சரக்கை எடுக்கும் வரிசையும் இதையொட்டியே அமைய வேண்டும். முதலில் வந்ததை முதலில் அனுப்புவதைவிட, முதலில் காலாவதியாவதை, அதை ஏற்கும் வாடிக்கையாளருக்கு முதலில் அனுப்புவதே உணவுக்கு ஏற்றது. 40 நாள் மீதமுள்ள பெட்டியை அங்காடி ஏற்காது, திருக்கோவிலூரில் வாரத்துக்குள் விற்றுத்தீர்க்கும் மொத்த வியாபாரி ஏற்பார்.

ஆறாம் படி: இயந்திரம், கழுவுதல், எல்லை

உற்பத்தித் திறனை எழுதும்போது மணிக்கு இத்தனை கிலோ என்பதோடு நிறுத்தாதீர்கள். முந்திரியோ நிலக்கடலையோ ஓடிய தடத்தில் அவை இல்லாத பொருளை ஓட்டுவதற்கு முன் முழுமையாகக் கழுவ வேண்டும். ஒவ்வாமைப் பொருட்களை உறையில் அறிவிப்பது 2020ஆம் ஆண்டு உறைக்குறிப்பு விதிகளின்படி கட்டாயம். ஆகவே கொட்டை சேராதவை காலையிலும் சேர்ந்தவை பிறகும் என்ற வரிசையை மென்பொருளுக்குச் சொல்லுங்கள். பொரிக்கும் எண்ணெயில், மீண்டும் மீண்டும் சூடாக்குவதால் பெருகும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் உண்டு. எண்ணெய் மாற்றும் நேரத்தைத் திறன் கணக்கிலும், கழிக்கும் எண்ணெயைக் கொள்முதல் கணக்கிலும் சேருங்கள்.

எல்லை விவகாரம் நம் பகுதிக்கே உரியது. கடலூரிலிருந்து கிருமாம்பாக்கம் அரை மணித் தொலைவுதான். ஆனால் அது யூனியன் பிரதேசம். தொழிற்சாலை தமிழ்நாட்டிலும் கிடங்கு புதுச்சேரியிலும் இருந்தால், இரண்டும் தனித்தனி ஜிஎஸ்டி பதிவு கொண்டவை. இடையே சரக்கை மாற்றுவதே, மாநிலங்களுக்கு இடையிலான வரியான ஐஜிஎஸ்டி செலுத்தி விலைப்பட்டியல் இட வேண்டிய பரிமாற்றம். மாநிலம் விட்டுச் செல்லும் சரக்குக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இ-வே பில் என்னும் மின்னணு அனுப்புச் சீட்டு கட்டாயம், தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம். பக்கத்துத் தெருவுக்கு அனுப்புவது போல் மென்பொருள் சிறிய அளவுகளில் தினமும் இடமாற்றப் பரிந்துரை தந்தால், தாள்வேலையிலேயே ஆள் போய்விடும். இந்தத் தடத்துக்கு மட்டும் குறைந்தபட்ச அளவும் வாரத்தில் இரண்டு அனுப்பு நாட்களும் வரையறுங்கள்.

ஏழாம் படி: மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

இவ்வளவும் ஆன பிறகே தேர்வு, அப்போது அது எளிதாகிவிடும். சில கோடி விற்றுமுதலுள்ள நிறுவனம் எஸ்ஏபி ஐபிபி, கைனாக்சிஸ் போன்ற பெருநிறுவனக் கருவிகளைத் தேட வேண்டியதில்லை. ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ போன்ற நிறுவன நிர்வாக மென்பொருட்களில் பேட்ச், காலாவதி, மூலப்பொருள் தேவைக் கணக்கீடு ஆகியவை உள்ளன. விற்பவரின் மாதிரித் தரவில் நடக்கும் செய்முறையை ஏற்காதீர்கள். உங்கள் பொருட்கள் மூன்றைக் கொடுங்கள்: வேகமாக விற்பது ஒன்று, மெதுவாக விற்பது ஒன்று, முந்திரி போல் பிரிவது ஒன்று. டேலியோடு தரவு எப்படி இணைகிறது, ஸ்டோர் கீப்பர் கைபேசியில் தமிழில் பதிய முடியுமா, ஒப்பந்தம் முடிந்தால் தரவு முழுவதும் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

எட்டாம் படி: பொங்கலுக்குப் பின் தொடங்குங்கள்

ஆகஸ்டில் வாங்கி தீபாவளிக்குள் ஓட்டிவிடலாம் என்ற ஆசையை நான் பலரிடம் கண்டிருக்கிறேன். அந்த மாதங்களில் யாருக்கும் கற்றுக்கொள்ள நேரமில்லை. அதைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழையும் புயலும் வருகின்றன. பொங்கல் முடிந்த ஜனவரிக் கடைசியில் ஒரே பொருட்குடும்பத்தோடு தொடங்குங்கள். எட்டு வாரம் பழைய எக்செல்லும் புதிய மென்பொருளும் அருகருகே ஓடட்டும். மார்ச்சில் தொடங்கி மே வரை கொட்டைக் கொள்முதலின் நெருக்கடி இருப்பதால் முந்திரியை முதல் குடும்பமாக எடுக்காதீர்கள்.

வாரத்தின் ஒழுங்கு இவ்வாறு அமையலாம். திங்களன்று இருப்பும் விற்பனையும் சரிபார்க்கப்படும், செவ்வாயன்று முன்கணிப்பைத் திட்டமிடுபவரும் விற்பனைப் பொறுப்பாளரும் சேர்ந்து பார்ப்பார்கள், புதனன்று உற்பத்தித் திட்டம் உறுதியாகும், அதன்பின் ஏழு நாளுக்கு உரிமையாளரின் ஒப்புதலின்றி மாற்றமில்லை. மென்பொருளின் பரிந்துரையை யாரேனும் மாற்றினால், மாற்றியவர், பழைய எண், புதிய எண், காரணம் நான்கும் பதிவாக வேண்டும். எட்டு வார முடிவில் அந்தப் பதிவேட்டை எடுத்து, மனிதர் மாற்றியது எத்தனை முறை சரியாயிற்று என்று எண்ணுங்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ள உற்பத்தி மேலாளர் பெரும்பாலும் சரியாகவே இருந்திருந்தால், அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று மென்பொருளுக்கு இன்னும் சொல்லப்படவில்லை. அவரோடு உட்கார்ந்து அது என்னவென்று கேட்டு எழுதுங்கள். அவரை மீறுவதற்காக இந்தக் கருவி வரவில்லை என்று முதல் நாளே அவரிடம் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: புயலை முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள்

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், இம்மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. புதுக் கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அது ஒரு வாரத் தடையாக நிற்காமல் நெடுநாள் மூலப்பொருள் பஞ்சமாயிற்று. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் வேறு விதமானது. மழையும், தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் ஊர்களையும் சாலைகளையும் முடக்கின. இரண்டு வகைத் தடைக்கும், இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று கணக்கிடும் தனித்தனிக் காட்சிகளை மென்பொருளில் அமையுங்கள். ஒன்றில் உள்ளூர்க் கொட்டை பாதியாகி, இறக்குமதியை நம்பும் நிலை. கப்பல் வழி வருவதால் காத்திருப்பு வாரக்கணக்கில் நீளும். இன்னொன்றில் ஐந்து நாள் மின்சாரமும் இல்லை, சென்னைச் சாலையும் இல்லை.

இரண்டாம் காட்சியை அக்டோபர் முதல் வாரத்தில் ஓட்டிப் பார்த்தால், எந்தப் பொருளை முன்கூட்டியே செய்து தாழ்வில்லாத கிடங்கில் வைக்கலாம் என்று தெரியும். இங்கும் அந்த 24 நாள் கணக்கே எல்லை வகுக்கிறது. புயலுக்காக ஒரு மாதச் சரக்கைச் செய்து குவித்தால், புயல் வராத ஆண்டில் அது அங்காடிக்குப் போகாது. நீண்ட ஆயுளுள்ள டின் பருப்பையும் உறைகளையும் எண்ணெயையும் சேமித்து, குறுகிய ஆயுளுள்ள மிக்சருக்கு ஒரு வார முன்னிருப்பு மட்டும் வைப்பதே நான் கடைப்பிடித்த முறை.

இதே காலத்தில் ஒரு திரும்பப்பெறும் ஒத்திகையும் நடத்துங்கள். உணவைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதற்கான 2017ஆம் ஆண்டு விதிகள், அதற்கான ஆயத்தத்தை உற்பத்தியாளரிடம் எதிர்பார்க்கின்றன. ஏதேனும் ஒரு மசாலா லாட்டைக் குறிப்பிட்டு, அது சேர்ந்த பேட்சுகள் எவை, அவை எந்தக் கிடங்கில், எந்த விநியோகஸ்தரிடம், எத்தனை பெட்டி என்று ஸ்டோர் கீப்பரைக் கேளுங்கள். பதில் அரை நாளுக்குள் வந்து, அனுப்பியதும் இருப்பதும் சேர்ந்து செய்ததற்குச் சமமானால், இரண்டாவது பொருட்குடும்பத்தை மென்பொருளில் ஏற்றலாம். வரவில்லையென்றால் பேட்ச் எண் எந்த மேசையில் விடுபட்டது என்று கண்டுபிடித்து, இரண்டாம் படியின் எண்ணிக்கையை அந்த மேசையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.